பன் வாங்கப் போன கதை

பயம் என்ற சொல்லை அடிக்கடி எழுதுகிற கதைசொல்லியை நான் நம்பமாட்டேன். நிஜமாகப் பயந்தவன் பயத்தைச் சொல்லமாட்டான். கதவு, வாளி, செருப்பு என்று வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான். இதை மேடை கிடைத்த இடத்திலெல்லாம் முழங்கியிருக்கிறேன். மேடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போதெல்லாம் முனகுகிற ஒரு மின்விசிறி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூடிக் கதை படிப்போம். அந்த அறையில் வைத்துத்தான் என் வாய்க்கொழுப்பு அடங்கியது. இப்போது எனக்குக் காலையில் கண் விழித்ததும் பயமாக இருக்கிறது. பாருங்கள், முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் சாந்தோம் பங்கில் பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடிவீட்டில் குடியேறினோம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேசுகிற ஆள் நான், கேட்கிற ஆள் அவர். சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லும்போது மட்டும் அவர் முன்மொழிவார், நான் பின்மொழிவேன். அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு வாய் திறக்கக் கிடைக்கிற வாய்ப்பு என்று எங்கள் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பல தலைமுறையாக அந்தப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மனு கொடுக்க வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பார். சொன்னதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டார். "மனுக்காரன் ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு அடிச்சா நாளைக்கு எவன் தலை உருளும் மேடம்?" என்பார். கதைப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று தெரியாது. கூட்டத்தை நடத்துவது அவர்தான். அதற்கு அவர் வைத்த விதி ஒன்று உண்டு. கதையில் எழுதியவர் பெயர் இருக்காது. எல்லாக் கதையும் பாய் கையால் ஒரே மாதிரி அச்சில்தான் வரும். எழுதியவர் கூட்டத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து, தன் கதையைக் கிழித்தாலும் கொஞ்சினாலும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எல்லாரும் பேசி முடித்தபிறகுதான் எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்லலாம். வீட்டில் இருப்பவர்களிடம்கூட அதுவரை மூச்சு விடக் கூடாது.

ஆடி மாதக் கூட்டத்துக்குப் பாய் என்னிடம் இரண்டு கதைகளைக் கொடுத்தார். "ரெண்டும் 'நான், நான்'னுதான் போவுது மேடம். ஆனா ரெண்டு நானும் ஒரே நான் இல்ல. நீங்கதான் பிரிச்சு மேயணும்" என்றார். பிரித்து மேய்வதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கே சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவும் கையுமாகப் படித்தேன்.

முதல் கதையில் ஒரு பெண் சொல்கிறாள். பண்டிகைக்கு முந்தின வாரம் தி.நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தன் மகன் கையை விட்டுவிடுகிறாள். பையன் காணாமல் போகிறான், கடைசியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் கிடைக்கிறான். பயம் என்ற சொல் இல்லாத பக்கமே இல்லை. 'என் ஈரக்குலை நடுங்கியது, என் இதயம் வாய்வழியே வந்துவிடும்போல் இருந்தது, பயம் என்னைத் தின்றது.' ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்: கத்துகிறாள், கேட்கவில்லை.

இரண்டாவது கதையில் ஒரு ஆள் பன் வாங்கப் போகிறான். அவ்வளவுதான் கதை. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது. ரயில் நிலையப் படிகளைத் தாண்டிப் பேக்கரிக்குப் போகிறான், பன் வாங்குகிறான், திரும்புகிறான். அடுத்த பத்தியில் மறுபடியும் பன் வாங்கக் கிளம்புகிறான். இந்தத் தடவை இஸ்திரி வண்டி தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பேக்கரிக்காரன், 'இப்பதானே வாங்கிட்டுப் போனீங்க?' என்கிறான். இவன் சிரித்துச் சமாளித்து, அதனால் என்ன, இன்னொன்று கொடு என்கிறான். வீட்டு வாசலுக்கு வருகிறான். கதை முடிந்தது என்று பார்த்தால், இல்லை. மூன்றாவது தடவையும் கிளம்புகிறான். இந்தத் தடவை அவன் கையிலேயே பன் இருக்கிறது. பன்னோடு பன் வாங்கப் போகிறான். இஸ்திரி வண்டியே இல்லை. திரும்பி வந்து ஒரு கேட்டுக்கு வெளியில் நிற்கிறான். கடைசி வரி இப்படி முடிகிறது: 'யாராவது வந்து உள்ளே வாங்க என்று சொன்னால் இது என் வீடு.'

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முழுக் கதையிலும் பயம் என்ற சொல்லே கிடையாது. இதல்லவா எழுத்து என்று எழுந்து இரண்டு தடவை சமையல்கட்டுக்குள் நடந்தேன்.

வீட்டுக்காரர் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அவரும் கூட்டத்துக்கு வருவார், பின்வரிசையில் உட்காருவார். கதை எழுதியதாகக் கேள்விப்பட்டதில்லை.

"ரெண்டு கதையில எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டாவது. எழுதினவன் கில்லாடிங்க. மறந்துபோற ஆளே 'நான்'னு கதை சொன்னா எப்படிச் சொல்லுவான்னு பிளான் பண்ணி எழுதியிருக்கான். அந்த மூணாவது தடவை இருக்கே, கையில பன்னை வச்சுக்கிட்டே போறான். அதெல்லாம் பழுத்த கை."

"கில்லாடியா?" என்றார். செய்தித்தாளை மடித்தார், திரும்பப் பிரித்தார்.

இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்தேன். அவர் தலையைத் தூக்கி, "ரெண்டு கதையில எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

"இப்பதானே தொண்டை கிழியச் சொன்னேன்? காதுல பஞ்சா வச்சிருக்கீங்க?"

"ஓ, ஆமா" என்றார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஜெபமாலையில் கிழமைக்குத் தக்கபடி தியானிக்கிற தேவ ரகசியங்கள் மாறும். செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ ரகசியம், திங்களும் சனியும் சந்தோஷ தேவ ரகசியம். சின்ன வயதிலிருந்து சொல்கிறவர்களுக்கு நாக்கே பழகியிருக்கும். அவர் சந்தோஷத்தில் ஆரம்பித்தார். நான் தொடையைத் தட்டி, "இன்னைக்குத் துக்கம்" என்றேன். "துக்கத்துக்கு ஒரு நாள் லீவு விடக் கூடாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கூறு கெட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தது. நான் எழுந்து முதல் கதையைக் கொஞ்சமாகக் கிழித்தேன், கொஞ்சமாக என்பது என் அளவில். "இந்த 'நான்' நம்மைப் பார்த்து, நான் பயப்படுகிறேன், நீயும் பயப்படு என்று கட்டாயப்படுத்துகிறது. வாசகருக்கு வேலையே வைக்கவில்லை" என்றேன். இரண்டாவது கதைக்கு வந்ததும் என் குரலே மாறிவிட்டது. "இந்த 'நான்' தன்னிடமிருந்தே மறைக்கிறது. நடந்ததை அப்படியே சொல்கிறது, அதன் அர்த்தம் மட்டும் அதற்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது. பயம் சொல்கிறவனிடம் இல்லை, கேட்கிற நம்மிடம் இருக்கிறது" என்றேன். மூன்றாவது பகுதியை முழுதாக வாசித்தும் காட்டினேன். கடைசி வரியை வாசித்தபோது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி, கதைக்குச் சொந்தக்காரங்க எந்திரிங்க" என்றார் பாய்.

அசோக் நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "முதல் கதை என்னுது மேடம். அது நடந்தது. என் பையன்தான் அது" என்றாள். நான் சங்கடமாகச் சிரித்தேன். அவள் தொடர்ந்தாள். "நீங்க சொன்னது சரியா இருக்கலாம். ஆனா எனக்கு மெதுவாப் பயப்படத் தெரியாது மேடம். பயந்தா சத்தமாத்தான் பயப்படுவேன்."

சிலர் கைதட்டினார்கள். நான் அவசரமாக, "ரெண்டாவது கதை யாரு? தைரியமா எந்திரிங்க" என்று பேச்சை மாற்றினேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாய் மட்டும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். பின்வரிசையில் என் வீட்டுக்காரர், மற்றவர்களைப் போலவே கழுத்தைத் திருப்பி, யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று ஆவலோடு தேடிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. பாய் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "எழுதினவரு வரல போலக்கீது. டீ சாப்பிடலாம்" என்றார்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

டீ கொடுக்கும்போது பாயை மாடிப்படிக்கு ஒதுக்கிக்கொண்டு போனேன். "பாய், உண்மையச் சொல்லுங்க. அது யாரோட கதை?"

"இன்னா மேடம், உங்களுக்குத் தெரியாதா? சார்தான். கடைக்கு வந்து சொல்லச் சொல்ல நான் அடிச்சேன்."

"அவரா?"

"ரெண்டு நாள் வந்தாரு. மொத நாளு ரெண்டு தபா பன் வாங்கிகினு வந்து கேட்டாண்ட நிக்கறாரு. முடிஞ்சிச்சு பாய்னுட்டுப் போய்ட்டாரு. மறுநாளு மறுபடி வந்தாரு. 'எங்க விட்டோம்?'னாரு. 'கேட்டாண்ட நிக்கறீங்க சார்'னேன். உக்காந்தாரு. மொதல்லருந்து ஆரம்பிச்சாரு. பன் வாங்கக் கிளம்பினேன்னு."

"நீங்க சொல்லலையா, ஏற்கெனவே வாங்கிட்டார்னு?"

"சொன்னேன் மேடம். 'கையில பன் கீதே சார்'னேன். கொஞ்ச நேரம் என்னியே பாத்துகினு இருந்தாரு. அப்பால, 'ஆமா, கையில பன் இருக்கு. அதையும் போடு'ன்னாரு. போட்டேன். நான் இன்னா கண்டேன்? கதையில இது ஒரு மாதிரி டிசைன் போலன்னு நெனச்சிகினேன். நீங்களும் அதானே சொன்னீங்க?"

ஆமாம், நானும் அதைத்தான் சொன்னேன். இத்தனை பேர் முன்னால், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நாலைந்து தெருதான். வழக்கமாக அந்த நடை முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வருவேன். அன்றைக்கு அவர் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். இஸ்திரி வண்டி இருக்கிற மரத்தடி வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அந்தப் பன் கதை உங்களுதா?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "ஆமா" என்றார். பிறகு, "பாதி வரைக்கும்" என்றார்.

"பாதின்னா?"

"ரெண்டு தடவை போய்ட்டு வர்றதாத்தான் யோசிச்சு வச்சேன். ரெண்டாவது தடவை பேக்கரிக்காரன் கேட்டுடறான். வாசல்ல வந்து நிக்கறான். அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல நீ ஒண்ணு வாசிச்சியே, கையில பன்னோட போறது. அது யாரு எழுதினது? நல்லாருந்துச்சு. அதைக் கேட்டதும், சரி, இது என் கதை மாதிரியே வேற யாரோ எழுதின கதைன்னு உக்காந்துட்டேன்."

மாதாவே என்று நின்றுவிட்டேன். அவர் இரண்டடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"பேக்கரிக்காரன் கேட்டது நிஜமா?" என்றேன்.

"நிஜம்தான்."

"எப்போ?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கதை எழுதறேன்?"

"எங்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன கேடு? ஒரே வீட்டுலதானே இருக்கோம்? நான் என்ன தெருவுல போறவளா?" என்று தெருவிலேயே கத்தினேன்.

"இதான். சொன்னா நீ கத்துவே. கத்தினா எனக்கு இருக்கறதும் மறந்துடுது. கதையா எழுதினா பாய் உங்கிட்டதான் குடுப்பாரு, நீ உக்காந்து நிதானமாப் படிப்பேன்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தார். "படிச்சே. கில்லாடின்னுட்டே."

வாழ்நாள் முழுக்கக் கதைகளில் ஒளிந்திருக்கிற மனிதனைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அவர் ஒளியக்கூட இல்லை. என் சமையல்கட்டு மேஜையில், என் சிவப்புப் பேனாவுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய பாணியைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயது டாக்டர், பொறுமையானவர். வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல, "மேடம், நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றார். இருந்தேன். "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று கேட்டார் டாக்டர். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார், விரலை மடக்கினார். "நேத்து துக்க தேவ ரகசியம் சொன்னோம். துக்கம்னா செவ்வாய், இல்லைன்னா வெள்ளி. அப்போ இன்னைக்குப் புதன், இல்லைன்னா சனி. நீங்க சனிக்கிழமை பார்க்கறதில்லைன்னு வெளியில போர்டு இருக்கு. அதனால புதன்" என்றார். டாக்டர் அசந்துபோய்ச் சிரித்தார். நானும் கர்வமாகச் சிரித்தேன். அடுத்ததாக டாக்டர், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தெரியாத வினாவுக்குப் பக்கத்துப் பையனைப் பார்க்கிற பார்வை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா, இட்லி என்று ஒரு சொல், சொல்லிவிட்டால் என்ன என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தேன்.

ஆரம்பம்தான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். தனியாக வெளியில் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, பழகிய இடத்துக்குப் போய் வரட்டும், உடனே எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள், கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றாகிவிட்டது. அவர் கண்ணாடியைத் தேடினால் பயம். என் பெயரைச் சொல்லாமல் 'இந்தாம்மா' என்று கூப்பிட்டால் பயம். கல்யாணமான நாளிலிருந்து அவர் 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுகிறார் என்பது பிறகுதான் உறைக்கும். ஜெபமாலையில் ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்பத்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆனால் இப்போது மணி உருளும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்னதையே சொல்வது செபமா, மறதியா என்று எனக்கு அந்த அரைமணி நேரத்தில் மட்டும்தான் தெரிவதில்லை. அதனாலேயே அந்த அரைமணி நேரம் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. ஆணியில் மஞ்சப்பை இல்லை. பன் வாங்கப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று பால்கனியில் நின்றேன். வரவில்லை. ஈரத்தலையோடு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பேக்கரியில் இல்லை. ரயில் நிலையப் படிகளில் ஏறிப் பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன். "கட்டம் போட்ட சட்டை, உயரமா, கண்ணாடி போட்டவரைப் பார்த்தீங்களா?" என்று ஆட்டோக்காரர்களிடம் அலறினேன். ஒருவர், "இன்னா ஆச்சும்மா? பதறாதீங்க, பாத்துகினே வரேன்" என்று வண்டியை எடுத்தார். என் இதயம் வாய்வழியே வந்துவிடும்போல் இருந்தது. ஆம், இதே வரிக்குத்தான் சிவப்பில் எழுதினேன். அந்த அசோக் நகர்ப் பெண் எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. பயந்தால் அப்படித்தான் இருக்கிறது. வேறு மாதிரி சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அவர் பாய் கடையில் உட்கார்ந்திருந்தார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைப்பையனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நானும் அந்தப் பையனும் வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போய்விட்டோம். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றார். "கதைக்கு முடிவு மாத்தணும்னாரு மேடம். அதான் உக்காத்தி வச்சேன்" என்றார் மெதுவாக. வீட்டுக்காரர் என் தலையைப் பார்த்து, "ஏன் இப்படி சொட்டச் சொட்ட வந்திருக்கே? சளி பிடிக்கப்போவுது" என்றார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

"என்ன முடிவு மாத்தறீங்க?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"அவன் கேட்டாண்ட நின்னுக்கிட்டே இருக்கான்ல? பாவமா இருக்கு. யாராவது கூப்பிட்டுடலாம்னு பார்த்தேன். யார் கூப்பிடறதுன்னுதான் தெரியல."

அதற்கப்புறம் பன் வாங்க அவரைத் தனியாக அனுப்புவதா வேண்டாமா என்று எனக்குள் தினமும் சண்டை. அனுப்பாவிட்டால் முகம் வாடிவிடுகிறது. "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்கிறார். அனுப்பினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. கடைசியில் காலையில் மட்டும் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்புகிறவரை பால்கனியில் நிற்பேன். பிறகு திரும்பி வருகிறவரை நிற்பேன். பேக்கரிக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் போனார், வந்தார். மஞ்சப்பை கையில் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கேட்டைத் திறக்கவில்லை. மேலே நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கேட்டின் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்க நிற்கிறாரோ என்று கொஞ்சம் பொறுத்தேன். அசையவில்லை. ஒருத்தர் சைக்கிளில் வந்து மணி அடித்தார். இவர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றார்.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேட்டைத் திறந்தேன். கத்தக் கூடாது, கத்தினால் இருப்பதும் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் குறும்பு வந்தது. "பயந்துட்டியா? சும்மா நின்னு பார்த்தேன். நீ வந்து கூப்பிடறியான்னு" என்றார். "இதான் முடிவு. பாய்கிட்டச் சொல்லிடு."

"வயசான காலத்துல விளையாட்டைப் பாரு! ஒரு நிமிஷத்துல என் உசுரை வாங்கிட்டீங்களே, பாவி மனுஷா" என்று முதுகில் ஒன்று வைத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினோம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இவ்வளவு சாமர்த்தியமாக விளையாடத் தெரிகிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே டீக்குப் பாலை அடுப்பில் வைத்தேன்.

சமையல்கட்டு வாசலில் நிழல் தட்டியது. திரும்பினேன். செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"டீக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லையேம்மா? ஒரு எட்டு போய் பன் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். குறும்பைத் தேடினேன். கண்ணுக்குள்ளே உற்றுப் பார்த்துத் தேடினேன். அவர் பொறுமையாக, நான் பதில் சொல்லக் காத்திருந்தார். மஞ்சப்பை அவர் கையிலேயே இருந்தது. பன் பொட்டலம் அதன் வாய்க்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்தேன்.

"இருங்க, நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.